அக்கா சொன்ன தூஷணம்

என் அக்காவின் மகள் பத்தொன்பதாவது வயதில் இறந்துபோனாள். அவளை அடக்கம் செய்த அன்று, குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவள் அழுததில் பாதி மகளுக்காக, பாதி அந்த வார்த்தைக்காக.

நாங்கள் காசிமேட்டில் பிறந்தவர்கள். அப்பா விசைப்படகில் மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்தால் மாதாவோடு நேருக்கு நேர் சண்டை போடுவாள். ஒருமுறை புயல் அறிவிப்பு வந்து, அப்பாவின் படகு மட்டும் திரும்பாமல் இருந்தபோது, சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்து, “நீயும் புள்ளையப் பறிகொடுத்தவதானே, உனுக்குக் கண்ணு அவிஞ்சா பூடுச்சி?” என்று கத்தினாள். அப்பா கரை ஏறியதும் அதே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அதை யாரும் பாவம் என்று சொன்னதில்லை. தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

அக்காவை எண்ணூரில் கட்டிக்கொடுத்தோம். மாமா அனல்மின் நிலையத்தில் நிலக்கரி வரும் பெல்ட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர்கள் குடும்பம் பெந்தெகொஸ்தே சபை. கல்யாணத்துக்குப் பிறகு அக்கா ஞானஸ்நானம் எடுத்தாள். அங்கே படம் வைத்து வணங்கக் கூடாது என்பதால் மாதா படங்களையும் ஜெபமாலையையும் என்னிடம் கொடுத்துவிட்டாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், வேதத்தை எடுத்தால் கீழே வைக்கமாட்டாள். நான் ராயபுரத்தில் பள்ளி ஆசிரியை. அதிகாரம், வசனம் எல்லாம் என்னைவிட அவளுக்குத்தான் அத்துப்படி.

சபை என்பது அவர்கள் சந்தின் முனையில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் கூடம். பாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திருவொற்றியூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தார். யார் வீட்டில் நோய் என்றாலும் சைக்கிளில் வந்து நிற்பார். நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்ட மனிதர் யாரும் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்காவின் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது முகம் வீங்க ஆரம்பித்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தோம். கால் வீங்கியபோது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இரண்டு கிட்னியும் பழுது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அக்கா தன் கிட்னியைக் கொடுக்கிறேன் என்றாள். சர்க்கரை இருக்கிறது, முடியாது என்றார்கள். மாமாவுடையது பொருந்தவில்லை. வேறு யாருடையதாவது கிடைக்கும் வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

அந்தக் காத்திருப்பில் ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபத்தில், பாஸ்டர் அவள் தலைமேல் கை வைத்தார். நானும் அங்கே இருந்தேன். முதலில், பரிசுத்த ஆவி இறங்கினால் வரும் என்று அவர்கள் நம்பும் அந்நிய பாஷையில் பேசினார். உடம்பெல்லாம் வியர்த்தது. பிறகு குரல் மாறி, தமிழில், “இந்தப் பிள்ளை சாகாது, பிழைக்கும், ஆவியானவர் சொல்லுகிறார்” என்றார். கூடம் முழுவதும் ஸ்தோத்திரம் என்று அதிர்ந்தது. அக்கா தரையில் விழுந்து அழுதாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவே இல்லை. டயாலிசிஸுக்கு அவரே பலமுறை ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆனால் அன்றிலிருந்து அக்கா மாறிப்போனாள். டாக்டர் முகத்தைச் சுளித்தாலும் இவள் சிரித்தாள். மகளுக்கு மாப்பிள்ளை எந்த ஊரில் பார்க்கலாம் என்று என்னிடம் பேச ஆரம்பித்தாள்.

ஒரு நாள் டயாலிசிஸ் அறையில் மகளின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே, “சித்தி, அம்மா ரொம்ப நம்பிகினு கீறாங்க. எனுக்கு அதான் பயமா கீது” என்றாள்.

“நீ பிழைப்படி.”

“பொழைக்கலேன்னா அம்மாவ யாரு பாத்துப்பா? நீ பாத்துக்கோ.”

ஐப்பசி மழை தொடங்கியபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். மறுநாள் விடிந்த சற்று நேரத்தில் உயிர் போனது.

கல்லறைத் தோட்டத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. பாஸ்டர் குடைக்குக் கீழே நின்று ஜெபித்தார். “ஆவியானவர் நம்மைத் தேற்றுவாராக” என்று அவர் சொன்ன இடத்தில் அக்கா நிமிர்ந்தாள்.

“நிறுத்துங்க ஐயா. அன்னிக்கு உங்க வாயில பேசினது ஆவியானவரா? அது பேய். அசுத்த ஆவி. எம் பொண்ண வெச்சி எங்கிட்ட வெளையாடிச்சி.”

யாரோ ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். “சிஸ்டர், வேணாம், வாய மூடு” என்று இன்னொருத்தி அக்காவின் தோளைப் பிடித்தாள். பாஸ்டர் வேதத்தை மூடினார். மாமா அக்காவை இழுத்து அணைத்து வெளியே கூட்டிப்போனார். மீதி ஜெபத்தை வேறு யாரோ முடித்தார்கள்.

துக்கம் விசாரிக்க வந்த சபைப் பெண்களில் ஒருத்தி, கெட்ட எண்ணத்தில் அல்ல, கண்ணீரோடுதான் அதைச் சொன்னாள். மனிதர் செய்யும் எந்தப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு, இயேசுவைப் பழித்தால்கூட உண்டு. பரிசுத்த ஆவிக்கு எதிரான தூஷணத்துக்கு மட்டும் இந்த உலகத்திலும் இல்லை, அடுத்த உலகத்திலும் இல்லை. “சீக்கிரம் மனந்திரும்புங்க சிஸ்டர்” என்றாள். மன்னிப்பே இல்லாததற்கு மனந்திரும்பி என்ன பயன் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியது.

அவள் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இயேசு பேய்களை ஓட்டியபோது, அதைப் பார்த்த வேதபாரகர், அதாவது வேதம் கற்ற பண்டிதர்கள், இவனுக்குள் இருப்பது அசுத்த ஆவி என்றார்கள். அவர்களைப் பார்த்துத்தான் அந்தக் கடுமையான சொல் சொல்லப்பட்டது.

“பாத்தியா, அதே வார்த்தை. நான் சொன்ன அதே வார்த்தை,” என்று விரலை வைத்துக் காட்டினாள்.

நரகத்தைப் பற்றித்தான் பயப்படுகிறாள் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை.

“அவ அங்க கீறா,” என்றாள் ஒருநாள், துணி மடித்துக்கொண்டே. “என்னிக்காவது போய்ப் பாத்துரலாம்னுதான் ஒருத்தி உசுரோட இருப்பா. எனுக்கு அந்தக் கதவச் சாத்திட்டாங்க. நானே சாத்திக்கினேன். அங்க அம்மா எங்கன்னு அவ தேடுவால்ல?”

நான் மீதித் துணியை எடுத்து மடித்தேன்.

அதன் பிறகு அவள் சபைக்குப் போனாலும் உள்ளே உட்காரவில்லை. வாசலில், செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வரும்போது எழுந்து தெருவுக்குப் போய்விடுவாள். பெண்கள் கூடி அவள் தலையில் கை வைத்து ஜெபிக்க வந்தபோது பதறி விலகினாள். பழைய ஏற்பாட்டு நியாயப்பிரமாணத்தில் தேவநாமத்தைத் தூஷித்தவனைப் கூடாரப் பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய், அவன் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் எல்லாரும் அவன் தலைமேல் கை வைத்து, அப்புறம்தான் கல்லெறிந்தார்கள். அவளுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது.

நானும் படிக்க ஆரம்பித்தேன். அவளை மீட்க ஒரு வசனமாவது கிடைக்காதா என்று தேடினேன். தேடத் தேட, இந்தக் குற்றச்சாட்டை யார் யார்மேல் சுமத்தினார்கள் என்பதுதான் என்னை உறுத்தியது. ஒரு ராஜா ஆசைப்பட்ட திராட்சைத் தோட்டத்துக்காக ஒரு நல்ல மனிதனை, இவன் தேவனைத் தூஷித்தான் என்று பொய்ச்சாட்சி வைத்துக் கொன்றார்கள். விசுவாசத்துக்காக உயிர்விட்ட முதல் இரத்தசாட்சியைக் கல்லெறிந்ததும் இதையே சொல்லித்தான். ஏன், இயேசுவையே பிரதான ஆசாரியன் தன் உடையைக் கிழித்துக்கொண்டு இதே பழியைச் சொல்லித்தான் மரணத்துக்கு ஒப்புக்கொடுத்தான். இதை எல்லாம் அக்காவிடம் சொன்னேன்.

“அவுங்க பண்ணாததுக்குப் பழி சொமந்தாங்க. நான் பண்ணேனே,” என்றாள்.

சபைகளுக்கு நிருபக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலரே ஒரு காலத்தில் தூஷிக்கிறவராக இருந்து இரக்கம் பெற்றாரே என்றேன்.

“அவரு அறியாம பண்ணாரு, அதுனால எரக்கம் கெடச்சிதுன்னு அதே வசனத்துல போட்டுகீது. நான் அறியாமலா சொன்னேன்?”

எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். இவ்வளவு பயப்படுகிறவர் அந்தப் பாவத்தைச் செய்திருக்க முடியாது, செய்தவருக்குப் பயமே வராது என்றார். ஓடிவந்து சொன்னேன். அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தாள். “நல்ல மனுசன். ஆனா அப்டி எங்க எழுதிகீது, காட்டு.”

இப்படியே ஒரு வருடம் போய், அடுத்த கோடையும் வந்தது. அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். சர்க்கரைக்கு மாத்திரை போடுவதை நிறுத்தியிருந்தாள். மாமா கெஞ்சினால் மட்டும் போடுவாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் நான் அங்கே இருந்தபோது பாஸ்டர் வந்தார். மாமா அப்போதுதான் ஷிப்டு முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். பாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அம்மா,” என்றார் கடைசியில், “அன்னைக்குப் பேசுனது ஆவியானவர் இல்ல. பேயும் இல்ல. நாந்தாம்மா.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“பிள்ளையப் பாத்ததும் மனசு தாங்கல. பொழைக்கணும், பொழைக்கணும்னு உள்ள கெடந்து அடிச்சிச்சி. அது என் ஆசை. வாய்க்கு வரும்போது ஆவியானவர் சொல்லுதார்னு வந்துட்டு. சொல்லி முடிச்ச நிமிசமே எனக்குத் தெரியும், அவர் சொல்லலன்னு.”

“என்னைத் தேத்தணும்னு பொய் சொல்றீங்க ஐயா,” என்றாள் அக்கா.

“பொய் இல்லம்மா.”

“நான் தூஷிச்சி என் ஆத்துமா போயிடுச்சேன்னு பாவப்பட்டு சொல்றீங்க.”

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தபடி வாசற்படியில் நின்றிருந்தார். அதிகம் பேசாத மனிதர். “ஐயா, இத்த ஏன் அன்னிக்குக் குழிகிட்டயே சொல்லல?” என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை.

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். “பயந்துட்டேன் தம்பி. சபை கலைஞ்சிரும், ஊழியம் போயிரும்னு பயந்துட்டேன். இந்த அம்மா வாசல்ல உக்காந்திருக்கதைப் பாத்துக்கிட்டே வாராவாரம் பிரசங்கம் பண்ணுனேன். இனி முடியாது. நாளைக்கு எல்லாரும் கேக்கச் சொல்லுதேன். வாங்க.”

மறுநாள் நானும் போனேன். அக்கா வாசலிலேயே உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் எழுந்தார். மைக்கைக் கையில் எடுக்கவில்லை.

“தேவன் சொல்லாததை தேவன் சொன்னார்னு சொன்னேன்,” என்றார். “அவர் நாமத்தை வச்சிக்கிட்டு ஒரு தாயை நம்ப வச்சேன். அந்தத் தாய் தூஷணம் சொல்லிட்டாங்கன்னு நீங்க எல்லாரும் நினைக்கீங்க. அவங்க ஆவியானவரைப் பேசல. என்னைப் பேசுனாங்க. தூஷணம்னு ஒண்ணு இங்க நடந்திருந்தா, அது என் வாயில நடந்தது.”

சபை மூப்பர் எழுந்து, “போதும் ஐயா, உக்காருங்க” என்றார். முன்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து வெளியே போனது. அந்த வீட்டுப் பிள்ளைக்கும் அவர் ஏதோ தீர்க்கதரிசனம் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஒரு கிழவர் மட்டும் போய் பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மூன்று பெண்கள் அக்காவிடம் வந்து, ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றார்கள். அந்த மாதமே பாஸ்டர் ஊழியத்தை விட்டுவிட்டு மனைவியோடு தெற்கே ஊருக்குப் போய்விட்டார்.

அக்கா நம்பிவிட்டாள். பொய் சொல்லித் தேற்ற வந்தவன் தன் சோற்றையும் மானத்தையும் இப்படிப் போட்டு உடைக்கமாட்டான் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. திரும்பி வரும்போது முகத்துவாரத்துப் பக்கமாக நடந்தோம். சாம்பல் படிந்த கழிமுகத் தண்ணீரில் இரண்டு பேர் இடுப்பளவு இறங்கி கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் அவள் சிரிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

“அப்போ ஆவியானவரு எம் பொண்ணப் பத்தி ஒன்னியும் சொல்லவே இல்ல,” என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

“பேய் பேசிச்சின்னு நெனச்சிகினு இருந்தப்போ கூட, யாரோ ஒருத்தர் பேசினாங்கன்னு இருந்திச்சிடி. இப்ப யாருமே பேசல. நாங்க அவ்ளோ கூப்ட்டோம்.”

அடுத்த மாதம் அப்பம் வந்தபோது அவள் எடுத்துக்கொண்டாள். மகளைப் பார்ப்பேன் என்ற நம்பிக்கை திரும்பிவிட்டது. அதை அவளே சொன்னாள். மாத்திரையும் போடுகிறாள். ஆனால் முன்பு ஜெபத்தில் உரத்து அழைத்தவள், இப்போது உதடு அசையாமல்தான் ஜெபிக்கிறாள்.

போன கிறிஸ்துமசுக்கு அவள் பாஸ்டருக்கு போன் போட்டாள். அவர் மனைவிதான் எடுத்தார். அவர் இப்போதெல்லாம் வாய் திறந்து ஜெபிப்பதே இல்லை, வீட்டில்கூட இல்லை என்றார். “ஐயாகிட்ட குடுங்கம்மா,” என்று அக்கா வற்புறுத்தி, அவர் வந்ததும், “எனுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க ஐயா. ஆவில எல்லாம் வேணாம். சும்மா பண்ணுங்க,” என்றாள்.

அவர், குழந்தைகள் சொல்வதுபோல, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தார். தேவனுடைய நாமம் பரிசுத்தப்பட வேண்டும் என்கிற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அக்கா காத்திருந்தாள். அவரால் மேலே போக முடியவில்லை என்று தெரிந்ததும், அவளே அங்கிருந்து எடுத்து, மெதுவாக, வாய்விட்டு, கடைசி வரை சொன்னாள். அந்தப் பக்கத்தில் அவர் ஆமென் என்றார். அக்கா போனை மாமாவிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் குழம்பு கொதிக்கிறதா என்று பார்க்கப் போனாள்.