இலங்கைத்துறைக்காரி

கனகமணி அந்தப் பெண்ணை ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் அவளுடைய கன்னத்து மச்சத்தைத் தெரியும், முழங்காலைத் தொடும் கூந்தலைத் தெரியும், ஊர் இலங்கைத்துறை என்பதும் தெரியும். எல்லாம் புருஷன் குணரத்தினத்தின் பாட்டிலேயே இருந்தது.

குணரத்தினத்துக்குத் திருக்கோணமலைத் துறைமுகப் பண்டகசாலையில் வேலை. பின்னேரங்களில் கையில் கிற்றார். 1972இல் அவனும் மூன்று நண்பர்களும் கொழும்புக்குப் போய் ஒரு பொப் இசைத்தட்டுப் போட்டார்கள். 'இலங்கைத்துறைப் பெண்ணே' என்ற பாட்டு தேத்தண்ணிக் கடைகளில் எல்லாம் ஒலித்தது. அடுத்ததை எப்போது தருகிறீர்கள் என்று கொழும்பிலிருந்து கடிதமும் வந்தது.

அந்தப் புகழோடுதான் அவன் மாப்பிள்ளையாகச் சம்பூருக்கு வந்தான். கனகமணி தகப்பன் இல்லாமல் வளர்ந்தவள். தையல் மெஷினை மிதித்துத் தாயையும் தங்கையையும் காப்பாற்றியவள். கச்சேரி பார்க்க அவளை ஒருநாளும் வெளியே விட்டதில்லை. தாலி ஏறிய கையோடு பந்தலில் அந்தப் பாட்டைப் போட்டார்கள்.

"மாப்பிள்ளை தாலி கட்டினது சம்பூரில, மனசைக் கட்டினது இலங்கைத்துறையில!" என்றாள் சின்னம்மா ராசமலர். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கனகமணியின் கண்ணீர் மாலையில் சொட்டியது. தாயைப் பிரிகிற கவலையாக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நகரத்தில் குடித்தனம் தொடங்கிய பிறகும் நெஞ்சில் அந்த நெருப்பு அணையவில்லை. அவன் வாய்க்குள் முணுமுணுத்தால் அவள் கையில் ஊசி ஏறியது. இலங்கைத்துறை மீன் என்று யாராவது கூவினால் அன்றைக்கு வீட்டில் பருப்புக் கறிதான்.

இரண்டாவது இசைத்தட்டுக்கு அவன் பாட்டு எழுதத் தொடங்கினான். கனகமணி கொப்பியைப் பிடுங்கினாள்.

"இந்த மீன் கண் ஆருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லை, மணி. பாட்டுக்கு."

"காணாமப் பாட்டில எப்படி வரும்? அவளுக்கு இப்பவும் எழுதுறீங்க, என்ன?"

"ஐயோ, அது மேடையில நாங்க..."

"மேடைக் கதை எனக்கு வேண்டாம்! தாலி கட்டினவள் ஒருத்தி வீட்டில இருக்கிறாள். அவளைப் பாட ஏலாதோ?"

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குணரத்தினம் பேனையை எடுத்தான். மீன் கண் போயிற்று. நீண்ட கூந்தல் தோள் மட்டில் குறைந்தது. ஸ்திரிக்கைப் பெட்டி சுட்ட தழும்பு அவளுடைய வலது கையில் இருந்தது. அது பாட்டில் ஏறியது. 'சம்பூர்க் கனகமணி, தையல் மெஷின் கண்மணி' என்று பல்லவி முடிந்தது. அவள் பூரித்துப்போனாள்.

1974இல் இசைத்தட்டு வந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டுத்தட்டு விற்கும் ஜவாஹிர், கனகமணி பக்கத்தில் நிற்கும்போதே சொல்லிவிட்டார்.

"தம்பி, முதல் பாட்டைக் கேட்டவனெல்லாம் தன்ர ஆளை நினைச்சான். இதைக் கேட்டா உங்கட பெண்சாதியை எல்லோ நினைக்கோணும்? அது மரியாதையா?"

கொழும்பிலிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் நான்கே வரி. குணரத்தினம் கிற்றாரை அலுமாரிக்கு மேலே ஏற்றினான். அவளிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பாள். பாட்டே இல்லாத அந்த முகத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒருநாள், அவன் வேலைக்குப் போயிருந்த நேரம், அந்த மூன்று நண்பர்களில் ட்ரம்ஸ் அடிக்கும் அன்ஸார் கிண்ணியாவிலிருந்து வந்தான். முன்னறையில் கிடந்த தன் ட்ரம்ஸை எடுத்துப்போக வந்திருந்தான்.

"கோவிக்காதீங்க தங்கச்சி. மச்சான்ர பெண்சாதியைப் பாட நான் ஏன் ட்ரம்ஸ் அடிக்கோணும்? ஊரில சிரிக்கிறாங்க."

கனகமணி வாசலை மறித்து நின்றாள். "அண்ணன், உங்கட பிள்ளையள் மேல ஆணையாச் சொல்லுங்க. ஆர் அந்த இலங்கைத்துறைக்காரி?"

அன்ஸார் வாயைப் பிளந்தபடி கதிரையில் உட்கார்ந்தான். "ஒருத்தியும் இல்லை. போற ஊர்ப் பேரைத்தான் அந்தப் பாட்டில போடுவம். மூதூரில மூதூர்ப் பெண்ணே, இறக்கக்கண்டியில இறக்கக்கண்டிப் பெண்ணே. இசைத்தட்டுப் போடக் கொழும்புக்குப் போறதுக்கு முந்தின கிழமை இலங்கைத்துறையில பாடினம். அந்தப் பேர் வாயில நிண்டிட்டு."

"அப்ப அந்த மச்சம்?"

"அது நான் சொல்லிக் குடுத்தது. என்ர வீட்டுக்காரிக்கு இருக்கு. அவட்டச் சொல்லிப் போடாதீங்க!"

இல்லாத ஒருத்தியோடு இரண்டு வருஷம் சண்டை போட்டு, இருக்கிறவனின் குரலை நெரித்துவிட்டாளே! கனகமணி நிலத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ட்ரம்ஸை எடுக்க வேண்டாம், அண்ணன்" என்றாள்.

அந்தத் தைப்பொங்கலுக்குச் சம்பூரில் கச்சேரி வைக்கச் சொல்லி ஊராரிடம் கேட்டவள் அவளேதான். கிற்றாரைத் தூசி தட்டிப் புருஷனின் கையில் கொடுத்து, "பழைய பாட்டைப் பாடுங்க" என்றாள். அவன் அவளையே பார்த்தான். பிறகு கிற்றாரை வாங்கிக்கொண்டான்.

பின்னேர வெயிலில், பாடசாலை மைதானத்தில், குணரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு 'சம்பூர்ப் பெண்ணே' என்று தொடங்கினான். பழைய குரல்! கனகமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் பின்னால் குமரிகளின் கூச்சல் வானத்தைப் பிளந்தது. திரும்பிப் பார்த்தாள். நூறு பெண்கள், ஒவ்வொருத்தியும் தன்னைத்தான் பாடுகிறான் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தியை வெறுத்தவளுக்கு இப்போது நூறு பேர்!

மேடையைவிட்டு இறங்கியவனின் முகம் ஒளிர்ந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"அடுத்தது எந்த ஊர்?"

"இறக்கக்கண்டி."

"நானும் வாறன். முன்வரிசையில எனக்கொரு கதிரை போடச் சொல்லுங்க."

மூன்றாவது இசைத்தட்டு வரவேயில்லை. அந்தக் கதிரை மட்டும் ஊர் ஊராகப் போடப்பட்டது.