ஐஸில் வைக்கக் கூடாதது

காசிமேட்டில் ஐஸ் பாஸ்கர் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழிகாட்டும். என் அக்கா நீலாவின் கணவர் அவர். மீன்பிடித் துறைமுகத்தில் பெரிய பெரிய ஐஸ் பார்களை மெஷினில் போட்டு உடைத்து, படகுகளுக்கும் மீன் வியாபாரிகளுக்கும் கொடுப்பது தொழில். ஊரில் ஐஸ் வைப்பது என்றால் முகத்துக்கு நேராகப் புகழ்வது. எங்கள் மாமாவுக்கு அது ஜென்மத்துக்கும் வராது, நிஜ ஐஸ்தான் வைக்கத் தெரியும். பல்வலிக்கு ஐஸ், சுளுக்குக்கு ஐஸ், அக்கா கோபப்பட்டால் அவள் தலையில் ஐஸ். ஒருமுறை கல்யாணப் பந்தியில் பாயசம் கொதிக்கிறதென்று அண்டாவில் ஒரு கூடை ஐஸைக் கொட்டினார். மீனுக்குப் போடுகிற ஐஸ். பந்தியே எழுந்துவிட்டது. மனிதருக்குக் காரணம் இன்றுவரை புரியவில்லை.

அவர் மகன் விமலுக்கு இருபத்தொரு வயது. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. போன கோடையில் அவன் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மாமா வழக்கம்போல ஐஸ் ஒத்தடம் கொடுத்தார், கட்டி அசையவில்லை. ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, நிணநீர்க் கணுவில் வரும் புற்றுநோய் என்றார்கள். குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றும் சொன்னார்கள். அக்காவுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

டாக்டரம்மா பொறுமைசாலி. "வியாழக்கிழமை கீமோ ஆரம்பிக்கணும், தள்ளிப்போட முடியாது. அந்த மருந்து விந்தணுவையும் பாதிக்கலாம். பின்னாடி குழந்தை பிறக்காமப் போகவும் வாய்ப்பிருக்கு. அதனால அதுக்கு முன்னாடியே எடுத்து உறைய வெச்சுடலாம்" என்றார்.

விமல் தரையைப் பார்த்தான். அக்கா சுவரைப் பார்த்தாள். மாமா மட்டும், அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உறைய வெக்கறதுதானே? அத எங்கிட்ட வுடுங்க மேடம்" என்றார்.

மாதிரி எடுக்கும் அறை பில் கவுன்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அங்கே கட்டிய புண்ணியவானுக்கு வெட்கம் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. லேப்பில் கொடுத்த கப்போடு விமல் உள்ளே போய்த் தாழ் போட்டான். மாமா வெளியே காவல் நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்தவர், கதவைத் தட்டினார்.

"இன்னாடா, ஆச்சா?"

மறுபடியும் தட்டினார்.

"தண்ணி கிண்ணி வோணுமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவசரப்படாத. வெளிய ஆறேழு பேருதான் வெய்ட் பண்ணிகினு கீறாங்கோ."

விமல் காலிக் கப்போடு வெளியே வந்தான். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் அந்தக் கட்டியே வெட்கப்பட்டுக் கரைந்திருக்கும். லேப் பெண் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பினாலும் போதும் என்றாள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்றும் விளக்கினாள். அந்த இரண்டாவது விஷயத்தை அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. எந்த மகன் சொல்வான்?

மறுநாள் செவ்வாய்க்கிழமை, அவனுக்கு ஜுரம். கப்பைக் கதவிடுக்கில் நீட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான். மீதியை மாமா எடுத்துக்கொண்டார். தெர்மகோல் பெட்டியில் அடியில் ஐஸ் தூள், நடுவில் கப், மேலே மறுபடி ஐஸ், அதன்மேல் ஒரு பிடி கல்லுப்பு. வஞ்சிரத்தைக் கேரளாவுக்கு அனுப்புகிற பக்குவம் அது. என் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

"இப்டி வெச்சா மூணு நாளானாலும் செவுள் செவப்பு மாறாது மச்சான்" என்றார்.

லேப் பெண் பெட்டியைத் திறந்தாள். முதலில் அரைக் கிலோ இறால் வந்தது.

"அது உங்களுக்கு மேடம். புள்ளையோடது அடில கீது."

அவள் இறாலை ஒதுக்கி வைத்துவிட்டுக் கப்பை உள்ளே எடுத்துப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகமே சொல்லிவிட்டது. "எதுவுமே அசையல சார். வெறும் ஐஸ்ல வெச்சா செத்துடும். நாங்க அதுக்குன்னு ஒரு மருந்து கலந்து, பதமாக் குளிர வெச்சு, அப்புறம்தான் நைட்ரஜன்ல வெப்போம். இங்க வர்ற வரைக்கும் உடம்புச் சூட்டுலயே இருக்கணும். நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. கையெழுத்து வாங்கணும், அவரையும் கூட்டிட்டு வாங்க."

"ஐஸ்ல வெச்சா கெடுமா?" என்று மாமா திரும்பத் திரும்பக் கேட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. திரும்பும் வழியில் எனக்கு வந்த கோபத்துக்கு நடுரோட்டில் இறக்கிவிட்டிருப்பேன். கல்மண்டபம் தாண்டும்போது, "நானே கொன்னுட்டேன் மச்சான்" என்றார். அதற்குப்பின் எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

புதன்கிழமை அக்னி நட்சத்திர வெயில். மாமா வெந்நீரில் குளித்து, ஸ்வெட்டர் மாட்டி, மங்கி குல்லா போட்டுக்கொண்டு தயாராக நின்றார். கப்பை யார் வைத்துக்கொள்வது என்று வீட்டில் பஞ்சாயத்து. விமலிடமே இருக்கட்டும் என்றேன்.

"ஜுரக்காரன் அக்குள்ல வெச்சா வெந்து பூடும்" என்றார் மாமா.

"எங்கிட்ட குடு. இடுப்புல சொருகிக்கறேன். அவனையே சொமந்த எடம்தானே" என்றாள் அக்கா.

"தப்பு பண்ணவன் நானு. நானே சொமக்கறேன்" என்று வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. நான் எதிர்த்திசையில் ஏறினேன். போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தி, உள்ளே குனிந்தார். கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக ஒருவர். ஒரு கை உடம்போடு ஒட்டியிருக்கிறது. யாராக இருந்தாலும் சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

"கைய தூக்கு."

"தூக்க மாட்டேன் சார்."

"அக்குள்ல இன்னா வெச்சிகினு கீற?"

மாமாவுக்குப் பொய்யும் வராது. "பேரப்புள்ள சார்" என்றார்.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன். விமல் வாயைத் திறந்தான்.

"சார், எனக்குக் கேன்சர். நாளைக்கு மருந்து ஏத்தறாங்கோ. அப்பறம் கொழந்த பொறக்காமப் பூடலாம். அதான் முன்னாடியே எடுத்து வெக்கப் போறோம். டைம் ஆவுது சார்."

அந்த வியாதியின் பெயரை அவன் அதுவரை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே நடுரோட்டுக்குப் போனார். ஒரு கன்டெய்னர் லாரியை மறித்து நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். "யோவ், கைய தூக்கிடாத" என்று பின்னாலிருந்து மாமாவுக்கு உத்தரவும் போட்டார்.

இந்தத் தடவை லேப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். நன்றாக அசைகிறது, எடுத்து வைக்கப் போதுமானது இருக்கிறது என்றாள். மாமாவையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கவிட்டாள். "வலையில வுழுந்த சென்னாங்குன்னி கணக்கா துள்ளுதுங்கோ" என்றார் மாமா.

பிறகு அவள் விமலை உட்காரவைத்தாள். "கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எல்லார்கிட்டயும் கேக்கணும். ஒருவேளை உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, இதை என்ன பண்றது?"

இந்த மூன்று நாளும் வீட்டில் பேரப்பிள்ளை பேச்சுதான். பிறக்கப்போகிறவனைப் பற்றியே பேசிப்பேசி, பிறந்து வளர்ந்து எதிரே படுத்துக் கிடந்தவனை நாங்கள் சரியாகப் பார்க்கவேயில்லை. பயம்தான், வேறென்ன. அவன் செத்துப்போகலாம் என்பதை அந்த அறையில்தான் முதன்முதலாக ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாள்.

"அழிச்சிடுங்க மேடம்" என்றான் விமல். "நானில்லாம அது இன்னாத்துக்கு? எங்க நைனாகிட்ட வுட்டா தொட்டில்ல ஐஸ் போட்டுரும்."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. வேர்வை வழிய நின்றுகொண்டிருந்தார். கப்பைக் கொடுத்து எவ்வளவோ நேரமாகியும் கை இன்னும் விலாவோடு ஒட்டியே இருந்தது.

"பேரப்புள்ள வராட்டி போவுது மேடம்" என்றார். "இவன் எனக்கு வோணும். இவன எத்தினி சூட்டுல வெச்சிக்கணும்னு சொல்லுங்கோ. அப்டியே வெச்சிக்கறேன்."