மூன்று தட்டு, ஒரு சிவப்பு நூல்

இது சத்தியமாக நடந்தது. விண்ணும் மண்ணும் சாட்சி. கோடி அற்புதர் அந்தோணியார் சாட்சி. வடசேரிக் கடைத்தெருவின் பட்டப்பகல் சாட்சி. வலது கையை உயர்த்தி, ததேயுஸ் இப்படித்தான் இதைச் சொல்ல ஆரம்பிப்பார். விண்ணும் மண்ணும் அன்றைக்கு எதையும் பார்த்திருக்க வழியில்லை. கடையின் ஷட்டரை அவரே இழுத்து மூடியிருந்தார்.

2012, ஜூன் ஒன்று, வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு அவருடைய ஊர்க் கோவிலில் அந்தோணியார் திருவிழாக் கொடியேற்றம். கொடி அவருடைய 'ராயல் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி'யில், இன்னும் வெறும் வெள்ளை சாட்டின் துணியாகக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு முழ உயரத்துக்கு அந்தோணியார் வர வேண்டும். இருப்பது அந்த ஒரே துணிதான். கொடி வராவிட்டால் பங்குப்பேரவைத் துணைத்தலைவர் பதவியை உதறிவிடுவதாக அவர் கூட்டத்தில் அறிவித்திருந்தார். அப்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. தூய்மையில்லாத ஒரு இழை நூல்கூட இந்தக் கொடியில் படாது என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார். அதையும் யாரும் கேட்கவில்லை.

மெஷின் தைத்துவிடும். கஷ்டம் அதற்கு முந்தியது. அடியில் தடித்த பேப்பர், அதன்மேல் துணி, இரண்டையும் ஃப்ரேமின் இரண்டு வளையங்களுக்கு நடுவே முரசுத் தோல்போல இறுக்கி மாட்ட வேண்டும். சாட்டின் வழுக்கும். ஒரு சுருக்கம் விழுந்தால் போதும், புனிதருக்கு வாய் கோணிவிடும்.

அந்தக் கடையில் ஆறு வருஷம் ஃப்ரேம் மாட்டியவள் செசிலி. குளச்சல் பக்கத்துக்காரி. தலைவலிக்காரி, அதனால் எப்போதும் கோடாலித் தைல வாசம். துணி வழுக்காமல் இருக்க உள்வளையத்தில் நாடா சுற்றுவாள். சாக்குக்கட்டியால் நடுவில் சிலுவைக்கோடு போடுவாள். மாட்டி, ஸ்க்ரூவை முறுக்கி, மோதிர விரலால் மூன்று தட்டு தட்டுவாள். 'டங்' என்று கேட்டால்தான் அந்த ஸ்க்ரூவில் ஒரு சிவப்பு நூல் கட்டுவாள். சிவப்பு நூல் இல்லாத ஃப்ரேம் மெஷினுக்குப் போகாது. போன தவக்காலத்தில், பேப்பரை வீணாக்குகிறாள் என்று நாலு பேர் முன்னால் ததேயுஸ் அவளிடம் சத்தம் போட்டார். மேஜையைத் துடைத்தாள். ஸ்க்ரூ டிரைவரை அதன் ஆணியில் மாட்டினாள். போய்விட்டாள்.

அதன்பிறகு எல்லாம் மெஷின் ஓட்டும் ஷீஜாவின் தலையில். அன்று அவளுக்குத் தக்கலையில் ஒரு நிச்சயதார்த்தம். நாலு மணிக்குள் வந்துவிடுவாள். காலையிலேயே, நான் மாட்டி வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். ததேயுஸுக்குச் சுருக்கென்று வந்தது.

"சவூதியில ஐந்நூறு மெஷின மேய்ச்சவனுக்கு நீ ஃப்ரேம் மாட்டப் படிச்சுத் தாறியாட்டி?"

சவூதியில் எட்டு வருஷம் அவர் பார்த்தது அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை.

"மடியில மட்டும் வச்சு மாட்டாதீங்கண்ணே. செசிலி அக்கா எப்பவும் சொல்லுவாவ" என்றுவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

மதியம் 1.10. ததேயுஸ் ஷட்டரைத் தரை வரை இறக்கினார். புனித வேலையில் தூசி படக்கூடாது என்பது காரணம். எதிர் டீக்கடை பகவதியப்பன் இவர் ஃப்ரேம் மாட்டுவதைப் பார்த்துவிடக்கூடாது என்பதும் காரணம். மேஜைமேல் வைத்து மாட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் நழுவியது. நாலு தடவை. கடைசியில் முக்காலியில் உட்கார்ந்து, முழங்காலைச் சேர்த்து, மடியில் வைத்து முழங்கையால் ஓர் அமுக்கு. மாட்டிக்கொண்டது. விரலால்தான் ஸ்க்ரூவைத் திருகினார். தட்டிப் பார்த்தார்.

தொப்.

நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல. அந்தோணியார் பார்த்துக்கொள்வார் என்று, ஃப்ரேமை மெஷினில் ஏற்றி, பக்கத்திலேயே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 1.50க்கு ஊசி ஓட ஆரம்பித்தது.

சரியாக 2.00. கரண்ட் போனது.

மாதம் பிறந்தால் மின்வெட்டு நேரம் மாறும். மே மாதம் பத்து முதல் பன்னிரண்டு. ஜூனில் இரண்டு முதல் நாலு. பேப்பரில் வந்திருந்தது. ததேயுஸ் பேப்பரில் பங்குப்பேரவைச் செய்தி மட்டும் பார்ப்பார்.

ஃபேன் சுற்றி ஓய்ந்தது. கும்மிருட்டு. ஷட்டருக்கு அடியில் நூல்போல ஒரு வெளிச்சக் கோடு, சுவரில் ரேடியம் முள் போட்ட கடிகாரம். அவ்வளவுதான். ஷட்டரைத் தூக்கலாம் என்று எழுந்தார்.

எழ முடியவில்லை.

யாரோ அவர் வேட்டியைப் பிடித்திருந்தார்கள். முன்பக்கம், மடிக்குக் கீழே. இழுத்தார். பதிலுக்கு அதுவும் இழுத்தது. கையால் தடவிப் பார்த்திருக்கலாம். தடவும்போது அங்கே ஒரு கை தட்டுப்பட்டுவிட்டால்? தடவவில்லை. உட்கார்ந்தார்.

2.07. சத்தம்.

தொப்... தொப்... தொப்...

மூன்று. அளந்து வைத்ததுபோல. அவருடைய இரண்டு கையும் அவருடைய முழங்கால்மேல்தான் இருந்தன. அதை அவர் இருட்டிலேயே எண்ணிச் சரிபார்த்தார்.

2.11. கோடாலித் தைல வாசம்.

2.15. நர்ர்ர்... ஏதோ திருகுப்படும் சத்தம். இடுப்பில் வேட்டி ஒரு விரற்கடை இறுகியது.

டப்... டப்... டப்...

துணி இப்போது முன்னைவிட இறுக்கம். ஃப்ரேம் மாட்டத் தெரியாதவருக்கும் அது காதில் விளங்கியது.

கத்தலாம். ஆனால் எதிரே பகவதியப்பன். பேய் என்பது படிக்காதவன் பயம் என்று அவனுக்கு இரண்டு டீ நேரம் பாடம் எடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது. வேட்டியை அவிழ்த்து அதன் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடலாம். ஷட்டருக்கு வெளியே பஸ் ஸ்டாப். மதிய நேரம், காலேஜ் பிள்ளைகள் நிற்பார்கள். உள்ளே போட்டிருப்பது பின்னால் ஒட்டுப்போட்ட அரை டிராயர். பேயா, டிராயரா? பங்குப்பேரவைத் துணைத்தலைவர் பேயோடு இருக்க முடிவெடுத்தார்.

2.40. கவுண்டரில் இருந்த செல்போன் அடித்தது. பத்தடி தூரம். அதன் வெளிச்சம் சுவரில் பட்டது. ஸ்க்ரூ டிரைவர் தொங்கும் ஆணி தெரிந்தது.

ஆணி காலியாக இருந்தது.

போன் நின்றது. மறுபடி இருட்டு.

நர்ர்ர்...

இடுப்பு இறுகியது. மூச்சு முட்டியது. அந்தோணியார் மன்றாட்டு பாதியில் மறந்து, விசுவாசப் பிரமாணத்தில் போய் முட்டி நின்றது.

3.05. காதுக்குப் பக்கத்தில். கோபமில்லாத குரல். வேலைக்கு நடுவே கேட்பதுபோல.

"மடியில வச்சு மாட்டலாமாண்ணே?"

ததேயுஸ் அழுதார்.

"செசிலி... நான் பேசினது தப்பு. பேப்பர் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ..."

நர்ர்.

டங்.

டங்.

டங்.

பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமை நாற்பது நிமிஷம் நீடித்தது. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம் என்பார் அவர்.

3.52. ஷட்டர் கரகரவென்று ஏறியது. ஷீஜா.

"என்னண்ணே இது? போனும் எடுக்கல்ல, இருட்டுக்குள்ள குந்தி இருக்கீங்க?"

விரலால் கீழே காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். பேப்பருக்கு அடியில், வளையத்துக்கு நடுவே, அவருடைய வேட்டி முனை. மடியில் வைத்து அமுக்கும்போது அதுவும் சேர்ந்து மாட்டியிருந்தது. பத்து நிமிஷம் ஓடிய ஊசி சாட்டின், பேப்பர், வேட்டி மூன்றையும் சேர்த்துத் தைத்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஃப்ரேமை இப்போது கழற்ற முடியாது. பாதியில் கழற்றி மாட்டினால் படம் ஒன்றோடொன்று ஒட்டாது, அந்தோணியாருக்குத் தலை ஓரிடம், தோள் ஓரிடம் ஆகிவிடும். கத்தரிக்கோலை எடுத்து, ஃப்ரேமை ஒட்டி வேட்டியை வெட்டி, அவரை விடுவித்தாள். பழக்கத்தில் துணியைத் தட்டினாள்.

டங்.

"யாருண்ணே இத மாட்டினது?"

"நான்தான்" என்றார். அந்த நிலைமையிலும்.

ஷீஜா ஸ்க்ரூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் சிவப்பு நூல். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. இவள் அப்படிக் கட்டுவதில்லை. ததேயுஸுக்கு முடிச்சே போட வராது. ஸ்க்ரூ டிரைவர் பத்தடிக்கு அப்பால், அதன் ஆணியில் தொங்கியது.

அவருக்கு உயிர் வந்தது. பயம் போனதும் கோபம்.

"செசிலிதான். பழி தீத்துட்டுப் போயிருக்கா. அவளுக்குப் போனப் போடு."

ஷீஜா முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"முந்தாநாள் அக்காவுக்கு முப்பதாம் நாள் பூசைண்ணே. தலையில கட்டி. செத்த அன்னைக்கே உங்ககிட்ட வந்து சொன்னேன். நீங்க போன்ல பேசிட்டு இருந்தீங்க. போ போன்னு கையக் காட்டினீங்க."

நாலு மணிக்கு கரண்ட் வந்தது. மெஷின் விட்ட இடத்திலிருந்து தானாக ஓடத் தொடங்கியது. இருவரும் சுவரோரமாக நின்றார்கள். 5.20க்குக் கொடி முடிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. அடியில் தைத்துக்கொண்ட வேட்டித் துண்டைப் பிரிக்க நேரமில்லை. அப்படியே கொண்டுபோனார்கள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேர்த்தியான முகம் அமைந்ததில்லை என்று பங்குத்தந்தை மைக்கில் சொன்னார். ததேயுஸ் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். முன்தினம் எழுதி வைத்திருந்த ஏற்புரையை வாசிக்கவில்லை.

உள்வளையத்தைத் தள்ளித்தான் கொடியை எடுத்தார்கள்; சிவப்பு நூலை யாரும் அவிழ்க்கவில்லை. அதன்பிறகு அந்த ஃப்ரேமை யாரும் தொடுவதுமில்லை.

கொடி பதின்மூன்று நாள் பறந்தது. அதன் பின்பக்கத்தில், அந்தோணியாரின் இடது தோளுக்கு நேராக, ததேயுஸின் வேட்டி ஒரு சாண் அளவுக்குச் சலவைக் குறியோடு இருந்தது.