இந்த வயதில் நீச்சல்

என் கணவர் ஐம்பத்திரண்டு வயதில் சைக்கிள் ஓடத் தொடங்கினார். ஞாயிறு காலைகளில் லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டிலிருந்து நண்பர்களோடு புறப்பட்டு, குரோய்டன் வரை போய்த் திரும்பி, உடம்போடு ஒட்டிய கறுப்புக் காற்சட்டையோடு சாப்பாட்டு மேசையில் வந்து உட்காருவார். நான் எல்லோருக்கும் புட்டும் சம்பலும் வைப்பேன். "அண்ணை இப்ப இளந்தாரி மாதிரி" என்று அவர்கள் சொல்ல, இவர் வயிற்றை எக்கிக்கொண்டு சிரிப்பார்.

ஐம்பது வயதில் நானும் கவுன்சில் நடத்தும் பொது நீச்சல்குளத்தில் நீந்தப் பழகத் தொடங்கினேன். வேலை முடிந்து எங்கே போகிறாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போன ஞாயிறு ஒரு நண்பர் புட்டைப் பிசைந்தபடி, "என்ர மனுசி அக்காவை நீச்சல் உடுப்போட குளத்தில கண்டவவாம்" என்றார். ஏதோ களவு பிடிபட்டதுபோல எல்லோரும் தத்தம் தட்டைப் பார்த்தார்கள்.

"இந்த வயசில நீந்தப் பழகி எங்கையப்பா போகப்போறீர்?" என்றார் என் கணவர்.

இந்த வயதாம்! என்னைவிட இரண்டு வயது மூத்தவர், தொடை பிதுங்கும் காற்சட்டையோடு, நான் அவித்த புட்டைத் தின்றுகொண்டு கேட்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் வியர்த்தால் உடற்பயிற்சி, நான் நனைந்தால் மானக்கேடா?

அடுப்படிக்குப் போய்ப் புட்டுக்குழலை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"எங்கையெண்டு இன்னும் முடிவெடுக்கேல்லை. ஆனா வாற ஞாயிறு காலமை போறன். புட்டை நீங்களே அவியுங்கோ."