முத்துலிங்கம் பாஸின் விசாரணை

"யாரு ஒடச்சது?"

கொண்டுவந்த சாமானைக் கையில் வாங்குவதற்கு முன்பே முத்துலிங்கம் இதைத்தான் கேட்பார். தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய அச்சு, மரக்கறித் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு, எதுவானாலும் சரி, கேள்வி ஒன்றுதான். "தானா ஒடஞ்சிருச்சு பாஸ்" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "அப்ப தானா ஒட்டிக்கிரும், கொண்டுபோங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கைவேலைக்காரர்களை எல்லாம் பாஸ் என்று அழைக்கிற ஊர் தலவாக்கலை. ஆனாலும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போய்ப் பாஸ் என்று சொன்னால் முத்துலிங்கத்தின் லேத் பட்டறையைத்தான் காட்டுவார்கள். குள்ளமான ஆள். வயது ஐம்பத்தெட்டு. வெயில் அடித்தாலும் கழற்றாத கம்பளித் தொப்பி. குமாஸ்தா பென்சில் செருகுவதுபோலக் காதில் ஒரு துண்டு வெள்ளைச் சோக்கட்டி. வெடிப்பு இருக்கிறதென்று சந்தேகம் வந்தால் இரும்பில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, மேலே சோக்கைத் தேய்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்கு நடுவே மயிர் மாதிரி ஒரு கறுப்புக் கோடு எழும்பி வரும். "பாத்தீங்களா, இரும்பு பொய் சொல்லாது. கொண்டாந்தவங்கதான் சொல்லுவாங்க" என்பார். அவரைத் தேடி வந்த எவருக்கும் மரியாதை மிஞ்சியதாகத் தெரியவில்லை.

பட்டறைக்கும் பாஹிமின் பேக்கரிக்கும் நடுவில் ஒரே சுவர். இத்தனை வருடமாக அந்த விசாரணைகளைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த பாஹிமுக்கு, போன செவ்வாய்க்கிழமை தன் முறை வந்தது. மா பிசையும் மெஷினின் அச்சு முறிந்துவிட்டது. சனிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. அறுநூறு பணிஸுக்கு, அதாவது இனிப்பு பன்னுக்கு, கமிட்டிக்காரர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். கையால் பிசைந்தால் அன்றாடப் பாண் ரொட்டிக்கே ஆட்களின் தோள் கழன்றுவிடும். திருவிழா ஒருமுறை கைவிட்டுப் போனால் அடுத்த வருடம் கமிட்டி நேரே ஹட்டன் பேக்கரிகளுக்குப் போய்விடும்.

"யாரு ஒடச்சது, மொதலாளி?"

"பழைய மெஷின்தானே பாஸ். தேஞ்சி ஈக்குது."

முத்துலிங்கம் அச்சைத் தொடவில்லை. தேநீர் குடித்தார். வேறொருவருடைய புல்வெட்டும் மெஷினைக் கழற்றினார். அரை மணி நேரம் நின்று பார்த்த பாஹிம், தேயிலைக் கொழுந்து லொறி டிரைவர்கள் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு மூட்டை போடும் மெஷினில் தான்தான் ஒன்றரை மூட்டை போட்டதாக ஒப்புக்கொண்டார்.

"இப்ப சரி. இனி ஒரு மூட்டைக்கு மேல போட்டீங்கன்னா எங்கிட்ட வராதீங்க. நாளைக்குத் தாறேன்."

நாளை வந்தது. அச்சு வரவில்லை. காலையில் முதல் சூட்டுப் பாண் இறங்கிக்கொண்டிருக்கும்போது பேக்கரியின் பின்கதவில் முத்துலிங்கம்தான் வந்து நின்றார்.

"மொதலாளி, இன்னைக்கு ஒங்க போறணைய எனக்குத் தரணும்."

பாண் வேகிற செங்கல் அடுப்பு அது. ஒரு நாள் முழுக்க வேண்டுமாம். திம்புள்ளப் பக்கம் மூடிய தொழிற்சாலை ஒன்றில் ஏலத்தில் எடுத்த அவருடைய லேத்தில், நீளமான அச்சின் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்கும் டெயில் ஸ்டொக் வெடித்துவிட்டது. அது இல்லாமல் பாஹிமின் அச்சைக் கடைய முடியாது. வெடித்த அந்தத் துண்டு வார்ப்பிரும்பு. ஒரு பக்கம் மட்டும் சூடு காட்டினால் இன்னொரு பக்கம் பிளந்துகொள்ளும். முழுதாகச் சூடேற்றி, பித்தளை உருக்கி ஒட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும்.

"நம்ம ஊருக் குளிர்ல வெளிய வச்சா டிக்குன்னு ஒரு சத்தம் வரும் மொதலாளி. அதோட சரி."

"எண்ணெ நாத்தம் பாண்ல புடிச்சா யாரு திங்கிற?"

"மூணு தடவ சோடா போட்டுக் கழுவிட்டேன். மோந்து பாருங்க."

பாஹிம் மோந்து பார்க்கவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஹட்டன் பட்டறையில் கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். வேறு வழி? பாண் இறங்கிய போறணைக்குள், வெடிப்பின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டு, கோட்டை அராவி அகலமாக்கிய அந்த இருபது கிலோ இரும்பு போனது. நண்பகலுக்கு முத்துலிங்கம் அதை வெளியே எடுத்து, அடுப்பு வாசலிலேயே வைத்துப் பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டினார். மறுபடி உள்ளே தள்ளினார். கதவின் விளிம்பைக் களிமண்ணால் பூசினார்.

"நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் தொறக்கக்கூடாது. அவசரத்துக்கு அண்டாவுலயும் கை நொழையாது."

சொன்னவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மா மூட்டை மீது உட்கார்ந்துகொண்டு, கையால் பிசைந்து களைத்துப்போனவர்களுக்கு எப்படிப் பிசைவதென்று சொல்லிக்கொடுத்தார். மூலையில் ஒதுக்கியிருந்த கருகிய பாண் தட்டைப் பார்த்துவிட்டு, "இத யாரு எரிச்சது?" என்று வேறு கேட்டார்.

பாஹிமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னேரப் பணிஸ் இல்லை. சாமான் ஏற்ற வந்த ஆட்டோக்கள் வெறுமனே திரும்புகின்றன. பிசைந்து வைத்த மா புளிக்கிறது. ஒட்டு நிற்காவிட்டால் அடுப்பும் போய், அச்சும் போய், திருவிழாவும் போகும். இவர் விசாரணை நடத்துகிறார்!

"அது கெடக்கட்டும். ஒங்கட லேத்த யாரு ஒடச்சது பாஸ்?"

பிசைந்துகொண்டிருந்த கைகள் நின்றன. முத்துலிங்கம் தொப்பியைச் சரிசெய்தார்.

"குளிரு. இரும்பு சுருங்கும்ல."

"இவ்வளவு காலமும் குளிரில்லையா?"

"கரண்ட்டும் கூடிக் கொறஞ்சி வருது. அதுவுமில்லாம, இத வார்த்த வெள்ளக்காரனே சரியா வார்க்கல."

ஊருக்குத்தான் உபதேசம் என்று பாஹிம் முணுமுணுத்தார். பின்னேரம் இரண்டு தடவை களிமண்ணை உடைத்துக் கதவைத் திறந்துவிட அவர் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை எடுத்தபோது இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. மண்ணெண்ணெய், சோக். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக் காத்திருந்தார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. முத்துலிங்கம் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் லேத் இரைந்தது. இருட்டுவதற்குள் அச்சு வந்தது. வெள்ளிக்கிழமை விடிய மெஷின் ஒரு மூட்டையை, ஒரே ஒரு மூட்டையை, பிசையத் தொடங்கியது. அறுநூறு பணிஸுக்கு இனிப் பயமில்லை.

அன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து பாஹிம் திரும்பியபோது, கடை முன்னால் முத்துலிங்கம் நின்றுகொண்டிருந்தார். கையில் முழ நீள இரும்புக் குழாய் ஒன்று. ஒரு முனையின் உட்பக்கம் தேய்ந்து பளபளத்தது.

"லேத்த இறுக்குற ஸ்பானர் கைப்பிடி ரொம்பக் கட்டை. எனக்கு பெலம் பத்தல. இதச் சொருகி முறுக்குனா நல்லா இறுகும்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அளவுக்கு மேல இறுகி வெடிச்சிருச்சு. நாந்தான் மொதலாளி."

இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனை பதிலும் பாஹிமின் நாக்கு நுனியில் இருந்தது. எதிரே நின்ற முகத்தைப் பார்த்ததும் குழாய்க்குத்தான் கையை நீட்டினார்.

"இது இங்கயே இருக்கட்டும். நான் வந்து கேட்டாலும் குடுத்துறாதீங்க."

பாஹிம் அதை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தார். அங்கே வேண்டாம் என்று முத்துலிங்கம் தலையை ஆட்டினார். குனிந்து தானே எடுத்தார். சோடாப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, நுனிக்காலில் நின்று, எல்லாவற்றுக்கும் மேல்தட்டில் குழாயை வைத்து விரல் நுனியால் சுவர்வரைக்கும் தள்ளினார். பிறகு இறங்கி, பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அண்ணாந்து கையை உயர்த்தி, எட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.