கீழே தண்ணி வரல

குப்புறப் படுத்து, கன்னத்தைப் புல்லில் வைத்து, கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் "இப்ப தொறங்க" என்கிறார் சிங்கராயர். வீட்டுக்காரர் வால்வைத் திறக்கிறார். புல்லுக்குள் புதைந்து கிடக்கும் கறுப்புத் தலைகள் புர்ரென்று துப்பி, ஒவ்வொன்றாக எழும்பி நின்று சுழலத் தொடங்குகின்றன. ஒன்று மட்டும் எழவில்லை. முழங்கையை ஊன்றி ஊர்ந்து அதனிடம் போய், உள்ளங்கையை அதன்மேல் வைக்கிறார். "ஏன்டா, ஒனக்கு மட்டும் என்னா வந்துச்சு?" கொஞ்ச நேரத்தில் அது முட்டிக்கொண்டு மேலே வர, அவர் முகமெல்லாம் தண்ணீர். துடைத்துக்கொள்வதே இல்லை. சொட்டச் சொட்ட எழுந்து நின்று அடுத்ததைப் பார்க்கிறார்.

ஹாலிஎலயில் வீடு. பதுளை, பண்டாரவளை என்று மோட்டார் சைக்கிளில் சுற்றி, வசதியான வீடுகளிலும் உல்லாச விடுதிகளாகிவிட்ட பழைய தோட்டத்துத் தொரை பங்களாக்களிலும் புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்களைப் பழுது பார்ப்பதுதான் தொழில். மழை கொட்டுகிற மலையில் புல்லுக்குத் தண்ணீர் விட ஓர் ஆளா என்று சிரிக்கிறவர்கள் ஒரு தடவை ஆடி மாதத்தில் ஊவாப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். அந்தக் காற்று பச்சையை எல்லாம் உறிஞ்சிவிட்டுத்தான் போகும். கட்டாரில் பணக்காரர் வீட்டுப் புல்லைப் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தவர் சிங்கராயர். "பாலைவனத்துலயே மொளைக்க வச்சவன் நான்" என்பது அவருடைய ஒரே பெருமை. அதையும் பெருமையாகச் சொல்லத் தெரியாமல், ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்தவர் மாதிரிச் சொல்வார்.

ஆயுதப் பெட்டி என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு பழைய பிஸ்கட் டின்தான். தலையின் துளையைக் குத்திவிடத் தையல் ஊசி, உள்ளே இருக்கும் சல்லடையைத் தேய்க்க மனைவி ஜீவராணி தூக்கிப் போட்ட பல் பிரஷ், தலையை வெளியே இழுத்துப் பிடிக்க அவளுடைய கொண்டைக் கிளிப். கிளிப் காணாமல் போனால் ஜீவராணி தேடுவதில்லை, நேரே டின்னைத்தான் திறப்பாள். மனிதருக்குச் சட்டையின் வலப்பக்கம் எப்போதும் நனைந்திருக்கும், இடப்பக்கம் காய்ந்திருக்கும். ஏன் அப்படி என்று கேட்டால் நிதானமாக யோசித்துவிட்டு, "தெரியலியேங்க" என்பார். வால்வுப் பெட்டிக்குள் தவளை குடியிருந்தால் விரட்ட மாட்டார். "நீ பாட்டுக்கு இரு, நான் இந்தப் பக்கமா கைய வுட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "எனக்கு ஒண்ணும் வெளங்கலையே." மற்ற வேலைக்காரர்கள் எல்லாவற்றையும் கழற்றிப் போட்ட பிறகு சொல்வதை இவர் கைவைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். புது ஆட்கள் பயந்துபோவார்கள். பழகியவர்கள் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பதுளையில் ஒரு டொக்டர் வீட்டில் புல்லின் ஒரு மூலை காயவே மாட்டேன் என்றது. குழாய் வெடித்திருக்கிறது என்று முடிவுகட்டிப் பாதிப் புல்லைத் தோண்டிப் போட்டார். குழாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்து வீட்டு நாய் தினமும் வேலியைத் தாண்டி வந்து அங்கே காலைத் தூக்கிவிட்டுப் போவது பிறகுதான் தெரிந்தது. "நாயின்னு ஒண்ணு இருக்குறது எனக்குத் தோணவே இல்லைங்க" என்று இன்றைக்கும் வியப்பார். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் நல்லவர். ஆனால் கண்ணும் காதும் புல்லோடு முடிந்துவிடும்.

இவ்வளவு குழம்பியும் அவரை யாரும் கைவிட்டதில்லை. இந்த ஆடியில் அதுவும் நடந்துவிடும் போலிருந்தது. நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களா இப்போது விடுதியாக நடக்கிறது. சிங்கராயர் கையிலுள்ள புல்தரைகளில் பெரியது அதுதான். மேல் புல், கீழ் புல் என்று இரண்டு தட்டு. தேயிலைக்கு நடுவே, ஊற்றுத் தண்ணீர் சேரும் தாங்கிக்குப் பக்கத்தில் பம்ப் அறை. அதன் கதவில் தம் கையாலேயே சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்திருந்தார்: 'தண்ணீர் வராவிட்டால் அழைக்கவும்.' அதற்கடியில் தொலைபேசி இலக்கம். யார் அழைக்கலாம், எந்தத் தண்ணீருக்கு அழைக்கலாம் என்பதையெல்லாம் எழுதக் கதவில் இடமிருக்கவில்லை.

ஆடிக் காற்று தொடங்கியதும் அவருடைய போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. தெரியாத இலக்கம், பெண் குரல். காற்று இரைச்சலுக்கு நடுவே அவர் காதில் விழுந்தது இதுதான்: "அய்யா, கீழ தண்ணி வரலீங்க. மேல நல்லா வருது. கீழ புல்லெல்லாம் காஞ்சு கெடக்குங்க. புதுசா வந்ததுக்குக்கூட தண்ணி ஊத்த முடியல." கீழ்த் தட்டில் கொஞ்ச நாளுக்கு முன்னால்தான் புதுப் புல் பதித்திருந்தார். பங்களாவில் வேலை செய்யும் அம்மா யாரோ அக்கறையாகச் சொல்கிறாள் என்று மனம் குளிர்ந்துபோய், "சரிம்மா, பாக்குறேன்" என்று பதில் அனுப்பினார். அன்றைக்கே போய், விடியற்காலையில் தானாகத் திறந்துகொள்ளும் டைமரில் கீழ்ப் புல்லின் நேரத்தைக் கூட்டி வைத்தார். விடியற்காலைத் தண்ணீர்தான் புல்லுக்கு நல்லது, வெயிலில் வீணாகாது என்பது கட்டாரில் படித்த பாடம்.

மறுபடியும் அதே குரல் வந்தது, கீழே தண்ணீர் இல்லையென்று. இன்னும் கூட்டினார். மறுபடியும் வந்தது. தலைகளைக் கழற்றிவிட்டுப் பெரிய துளை உள்ளவற்றைப் பூட்டினார். அதற்கப்புறம் வந்த செய்தியில் முதலில் சொன்னதையே திரும்பச் சொல்லி, அந்தப் பெண் அழாத குறைதான். பதறிப்போய் ஓடினார். கீழ்ப் புல்லில் கால் வைத்ததும் கணுக்கால் வரை புதைந்தது. தண்ணீர் எங்கெங்கே விழுகிறது என்று பார்க்க வெற்று மீன் டின்களைப் புல் முழுக்கப் பரப்பி வைப்பது அவர் வழக்கம். வைத்துவிட்டு வால்வைத் திறந்தார். ஒரு டின் விடாமல் நிரம்பி வழிந்தது. இங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது, அங்கே ஒருத்தி காய்ந்து கிடக்கிறது என்கிறாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நின்றார். அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்துப் பார்த்தார், சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தாளோ என்னவோ, போகவே இல்லை. காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துத் தரும் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டார். காணாமல் போனது எதுவென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் விடுதி மனேஜர் நௌபர் வந்து நின்றார். மரியாதையான இளைஞர், கோபத்தையும் மரியாதையாகவே சொல்வார்.

"அண்ணே, இது புல்லா வயலா?"

"எனக்கு ஒண்ணும் வெளங்கல தம்பி. காயுதுன்னு செய்தி வருது."

"ஆரு செல்ற?"

"ஒரு அம்மா."

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் அப்பிடிச் செல்லல்ல." நௌபர் காலிலிருந்த சப்பாத்தைச் சேற்றிலிருந்து பிடுங்கி எடுத்தார். "ஞாயித்துக்கெழம இதுலதான் கலியாணம் ஈக்கிது. பொண்ணையும் மாப்பிள்ளையையும் நாத்து நடவா செல்ற? அதுக்குள்ள காயல்லாட்டி கொழும்புக் கம்பனி ஆக்களத்தான் கூப்பிட வேண்டி வரும். குற நெனைக்க வேணாம்."

குறை நினைக்க என்ன இருக்கிறது? ஆனால் இந்தப் புல் கைவிட்டுப் போனால் கதை மற்ற விடுதிகளுக்கும் போகும். புல்லைத் தவிர வேறெதுவும் தெரியாது, ஐம்பதைத் தாண்டிய ஆளைக் கட்டாரில் யாரும் மறுபடி எடுக்கப் போவதுமில்லை.

அன்று பின்னேரம் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, கடைசியாக வந்த குரல் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். உள்ளே ஜீவராணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பூனாகலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணம் கட்டித்தான் ஹாலிஎலைக்கு வந்தாள். சிங்கராயர் டவுன்காரர். தோட்டம் என்றால் அவருக்குப் பங்களாவோடு சரி.

"இன்னொருக்கா போடுங்க" என்றாள் உள்ளேயிருந்து.

போட்டார்.

"பாவம், யாரு வூட்டுப் புள்ளைங்க?"

"எந்தப் புள்ள?"

"காஞ்சு கெடக்குன்னு அழுவுதே அந்தம்மா, அதுங்கதான்."

"அது புல்லு ஜீவா. புல்லெல்லாம் காஞ்சு கெடக்குன்னு சொல்லுது."

ஜீவராணி கீரையைப் போட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "ஒங்க காதுல புல்லுதான் வுழும். புள்ளைங்க. புள்ளையெல்லாம் காஞ்சு கெடக்குங்குது. புதுசா வந்ததுன்னா பொறந்த பச்சப்புள்ள. அதுக்கு மேலுக்கு ஊத்தக்கூடத் தண்ணி இல்லன்னு சொல்லுது."

"அப்ப கீழன்னு சொல்லுறது?"

"கீழ்கணக்கு. தோட்டத்துல கீழ் டிவிசன அப்புடித்தான் சொல்லுவோம். பங்களாவுக்குக் கீழ லயம் இருக்குமே, நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. தாங்கியிலிருந்து ஓர் இரும்புக் குழாய் தேயிலைக்குள் இறங்கிப் போவதை மட்டும் பார்த்திருக்கிறார். அது எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றியதில்லை. விடியற்காலை என்பது லயத்தில் எல்லோரும் எழுந்து, காலைப் பெரட்டுக்கு வேலையாட்களைக் கணக்கெடுக்கும் முன்னால் தண்ணீர் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில்தான் அவருடைய தலைகள் எழும்பி நின்று தாங்கியைக் காலி செய்திருக்கின்றன. அவள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, இவர் இன்னும் இன்னும் எடுத்திருக்கிறார். வெட்கத்தில் காது மடல் சுட்டது. எடுத்தது அந்தப் பச்சைப்பிள்ளையின் தண்ணீர் என்று நினைத்தபோது அவருக்கு உட்கார்ந்திருக்கவே முடியவில்லை.

"வெளங்கிருச்சு" என்றார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து ஜீவராணி கேட்டதில்லை. கேட்டுவிட்டோமே என்று அவளுக்குச் சந்தோஷமும் வரவில்லை.

மறுநாள் விடிவதற்குள் பங்களாவுக்குப் போய் டைமரை நிறுத்தி, புல்லுக்குப் போகும் வால்வை இறுக்கி மூடினார். பெட்டிக்குள் இருந்த தவளையிடம் ஒன்றும் பேசவில்லை. நௌபருக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "தம்பி, இனி விடியக்காலத் தண்ணி புல்லுக்கு இல்ல. அது லயத்து ஆளுங்க தண்ணி. கலியாணத்துக்குள்ள காஞ்சிரும். அதுக்குப் பொறகு பகல்ல மிச்சம் இருந்தாத்தான் விடுவேன். புல்லு மஞ்சளாப் போகும். வேற ஆளு வேணும்னா கூப்புட்டுக்குங்க." பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சேறான கீழ்ப் புல்லைக் கடந்து, அந்த இரும்புக் குழாய் போகும் வழியே தேயிலைக்குள் இறங்கினார்.

குழாய் லயத்து முற்றத்தில் போய் நின்றது. வாளியும் கேனும் பானையுமாக அங்கே பெண்கள் கூட்டம். குழாய் இருமியது, செங்கல் நிறத்தில் துப்பியது, பிறகு தெளிந்து விழத் தொடங்கியது. சிங்கராயர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் துவாய் சுற்றிய ஒருத்தி திரும்பி, "யாருங்க?" என்றாள். அந்த ஒரு சொல்லிலேயே அவருக்குக் குரல் தெரிந்துவிட்டது.

"சிங்கராயரும்மா. போனுல பேசி அனுப்புனீங்களே."

"அட, தண்ணிக்கார அய்யாவா? நாந்தாங்க மாரியாயி. கொழுந்து எடுக்கப் போன எடத்துல கதவுல ஒங்க நம்பரப் பாத்தோம். நம்மளுக்கும் கேக்குறதுக்கு ஒரு ஆளு இருக்காருன்னு தைரியமா இருந்துச்சு. எம் மக புள்ள பெத்து வந்துருக்கா. இத்தன நாளும் ஓடையில எறங்கித்தான் தூக்கியாந்தோம். அங்கயும் வத்திப் போச்சு. ஒவ்வொருக்காவும் பாக்குறேன்னு சொன்னீங்க. சொன்ன மாதிரியே தண்ணிய விட்டுட்டீங்க. நல்லா இருப்பீங்க."

சிங்கராயர் தம் சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அம்மா, அது… நாந்தாம்மா."

"நீங்கதான்னு தெரியாதா? நம்மளுக்குன்னு வேற யாரு செய்வாங்க?"

ஒற்றை அறைக் காம்பரா வாசலில் மாரியாயியின் மகள் காலை நீட்டி உட்கார்ந்து, துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பேசின், அடியில் கொஞ்சம் தண்ணீரோடு. மாரியாயி குழாயடியில் ஒரு செம்பைப் பிடித்து, தளும்பத் தளும்ப அவரிடம் நீட்டினாள். "மொதல்ல காலக் கழுவுங்கய்யா, ஒரே சேறா இருக்கு. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்."

சிங்கராயர் செம்பை இரண்டு கையாலும் வாங்கினார். வாசல்வரை நடந்து போய்க் குனிந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் அதைக் குழந்தையின் பேசினில் ஊற்றினார். பிறகு திரும்பி வந்து, கழிவுநீர்க் கானோரம் முளைத்திருந்த புல்லில் இரண்டு காலையும் அழுத்தி அழுத்தித் துடைத்தார்.