இரவல் வாங்கிய இருபத்து மூன்று பேர்

போன வாரம், மலாக்காவில் செங் என்ற பகுதியில் என் மகள் வேலை பார்க்கும் பள்ளிக்கு, அவள் மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போயிருந்தேன். வாசலிலேயே பெயின்ட் வாசனை. மூன்று பேர் ஏணியில் நின்று தூண்களுக்கு இளம்பச்சை பூசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, பள்ளிக்கூடத்துக்குக் கல்யாணமா?"

"இந்தியாவுல நம்ம நட்புப் பள்ளி இருக்குல்லப்பா, அங்கேருந்து ஆள் வர்றாங்க. ஹெட்மாஸ்டர் மூணு நாளா தூங்கல லா. தூண்ல சாயாதீங்க."

நான் ஏற்கெனவே சாய்ந்திருந்தேன். சட்டையைத் துவைத்தும் கறை போகவில்லை. அந்த வாசனையும் இரண்டு நாள் மூக்கை விட்டுப் போகவில்லை.

எங்கள் காலத்தில் பெயின்ட் ஏது? சுண்ணாம்புதான். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேசிக்கொண்டிருந்த வருஷம். காஜா பெராங் சாலையை ஒட்டி, தகரக் கூரை போட்ட மரக் கட்டடத்தில் எங்கள் தமிழ்ப் பள்ளி இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது, தற்காலிக ஆசிரியர். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்தால் வெள்ளை பளிச்சென்று இருக்கும் என்று தலைமையாசிரியருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் எதையும் கொஞ்சமாகக் கலந்து பழக்கமில்லாதவர். விருந்தினர் வருவதற்கு மூன்று நாள் முன்னால் பள்ளி வானத்தின் நிறத்துக்கு மாறியிருந்தது.

அவர் எதையும் கொஞ்சமாகச் செய்யாதவர் என்பதுதான் இந்தக் கதைக்கே காரணம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியோடு எங்களுக்கு நட்பு. கடிதம் போகும், கடிதம் வரும். பிள்ளைகள் வரைந்த படங்கள் போகும். அந்தக் கடிதங்களில் எங்கள் பள்ளியின் பிள்ளைகள் எண்ணிக்கையைத் தலைமையாசிரியர் அறுபத்தொன்று என்று எழுதிவந்தார். உண்மையில் முப்பத்தெட்டு. பொய் என்று சொல்லிவிட முடியாது. வரப்போகும் பிள்ளைகளையும் சேர்த்து எழுதினார், அவ்வளவுதான். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரே நேரில் கிளம்பி வருவார் என்று யார் எதிர்பார்த்தது? அவரை நாங்கள் கடைசிவரை ஐயா என்றே அழைத்தோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஐயா வெறுமனே வரவில்லை. அவர் பள்ளியோடு சேர்ந்து ஓர் ஆசிரியர் பயிற்சிக் கூடமும் இருந்தது. எங்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷம் அங்கே பயிற்சி கொடுப்பதாக எழுதியிருந்தார். திரும்பி வந்தால் நிரந்தர ஆசிரியர். தற்காலிக ஆசிரியர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் தங்கராஜு. அவன் வகுப்பில் தூங்கமாட்டான்; வகுப்பைத் தூங்க வைத்துவிட்டு, பின்னால் இருந்த கடையில் தேநீர் குடிக்கப் போய்விடுவான். எனக்குத்தான் அந்த இடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என் பாடக் குறிப்புகளுக்கு நான் அட்டையெல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

எண்ணிக்கைக்கு வழி சொன்னதும் நான்தான். எங்களுக்கு அடுத்து இருந்தது செட்டிகளின் குடியிருப்பு. பல தலைமுறைகளாக மலாக்காவில் இருப்பவர்கள். பெயர் தமிழ்ப் பெயர், நெற்றியில் திருநீறு, கோயிலில் கொடியேற்றம். வாயைத் திறந்தால் மலாய். அவர்கள் பிள்ளைகள் வேறு பள்ளிகளில் படித்தார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. ஐயாவின் வருகையைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டால் இருபத்து மூன்று பேரை இரவல் வாங்கலாம். தலைமையாசிரியர் நேரே போய்ப் பெற்றோர்களிடம் கேட்டார். வரும் பிள்ளைக்குக் கேசரியும் சிரப் ஊற்றிய ஐஸ் உருண்டையும் உண்டு என்று பேச்சு. தெய்வானை என்ற பெண்ணின் அம்மா சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னது நினைவிருக்கிறது: "சேவலை இரவல் கேட்டு வருவாங்க, பார்த்திருக்கேன் சிகு. பிள்ளைய இரவல் கேட்டு இன்னிக்குத்தான் வர்றாங்க. சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடுங்க." சிகு என்றால் வாத்தியார்.

உட்காரும் வரிசைப் படத்தை நான் போட்டேன். இரண்டு அசல், நடுவில் ஓர் இரவல். ஐயா எதைக் கேட்டாலும் பக்கத்துப் பிள்ளை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட வேண்டும். முப்பத்தெட்டு அசலுக்குப் பத்தொன்பது இரவல் பொருந்தியது. மிச்சம் நான்கு பேர் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரும்படி ஆயிற்று. அந்த நால்வரில் தெய்வானை ஒருத்தி. வயது பதினொன்று.

வரவேற்புரையைத் தலைமையாசிரியர் எழுதியிருந்தார். "கடல் கடந்து வந்த கல்விச் செம்மலே" என்று தொடங்கி இரண்டு பக்கம். ஐந்தாம் வகுப்பு ராணி நான்கு நாள் திக்கித் திக்கிப் படித்தாள். வியாழக்கிழமை அவளுக்குத் தொண்டை கட்டிக் குரல் போய்விட்டது. அவளுக்குப் பதிலாக நிறுத்திய பையன் இரண்டாவது வரியில் நின்றபோது, கடைசி பெஞ்சிலிருந்து மூன்றாவது வரி வந்தது. பிறகு நான்காவது. சாயங்கால ஒத்திகைகளில் சும்மா உட்கார்ந்திருந்த தெய்வானை இரண்டு பக்கத்தையும் மனப்பாடம் செய்திருந்தாள். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது.

"இந்தப் புள்ளையே சொல்லட்டும் லா," என்றார் தலைமையாசிரியர்.

"ஐயா ஏதாச்சும் கேட்டுட்டா, சார்?"

"தலையக் குனிஞ்சுக்கச் சொல்லு. பொம்பளப் புள்ள தலையக் குனிஞ்சா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க நான் அவளை உட்கார வைத்துச் சொல்ல வைத்தேன். ழகரம், றகரம் எல்லாம் நான் சொன்னபடி அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது. இடையில் ஒருமுறை, முதல் வரிக்கு என்ன பொருள் என்று மலாயில் கேட்டாள். கடல் தாண்டி வந்தவரே என்று அர்த்தம் என்றேன்.

"கப்பல்ல வந்தார்னு சொன்னா போதாதா, சிகு?"

போதும்தான். ஆனால் அதை எழுதியவரிடம் யார் சொல்வது?

ஐயா சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். கதர் ஜிப்பா, கையில் மடக்கிய குடை. நீலச் சுவர்களைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். பிறகு பிள்ளைகளின் தலைகளை எண்ணினார். எண்ணுவது எனக்குத் தெரிந்தது. திருப்தியோடு உட்கார்ந்தார். தெய்வானை எழுந்து பேசினாள். இரண்டு பக்கம். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, உன் பேர் என்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தீங்களா, என்ன அடக்கம்," என்றார் ஐயா.

அதோடு விட்டிருக்கலாம். அவர் எழுந்து பெஞ்சு வரிசைகளுக்குள் நடந்தார். தங்கராஜுவின் வகுப்புப் பையன் ஒருவனிடம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

"ரொட்டி ஐயா. அம்மா பாசாருக்குப் போயிட்டாங்க. அப்பா மோட்டார்ல ஜாலான்ல கொண்டாந்து வுட்டாரு."

பாசார் என்றால் சந்தை, ஜாலான் என்றால் சாலை என்று தலைமையாசிரியர் விளக்கினார். ஐயா இன்னும் மூன்று பிள்ளைகளைக் கேட்டார். எல்லாம் அசல் பிள்ளைகள். வீட்டில் பேசும் தமிழில் வாயாரப் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஐயாவின் முகம் கொஞ்சம் சுருங்கிற்று. நான் தங்கராஜுவைப் பார்த்தேன். அவன் சன்னல் வழியாகத் தேநீர்க் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் இருவரையும் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

தலைமையாசிரியர் என்னைக் காட்டினார். ஐயா எழுந்துவந்து என் தோளில் கை வைத்தார்.

"இந்தத் தம்பிக்கு நாங்க சொல்லிக் குடுக்க என்ன இருக்கு? எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கே இந்த உச்சரிப்பு வராதுங்க. இவரை ஒரு நாள்கூட இந்தப் பள்ளிய விட்டு அனுப்பிடாதீங்க. பயிற்சி வேண்டியது அந்தத் தம்பிக்குத்தான்." விரல் தங்கராஜுவை நோக்கி நீண்டது.

வாயைத் திறந்தால் இடம் ஒருவேளை எனக்குக் கிடைத்திருக்கும். ஐயா, அந்தப் பெண்ணுக்குத் தமிழே தெரியாது, நானும் ஒன்றும் பெரிய ஆசிரியர் இல்லை, எனக்கும் பயிற்சி தேவை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் முப்பத்தெட்டும் வெளியே வரும். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். தங்கராஜுவும் பார்த்தான், அவன் பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை, என்ன செய்கிறாய் பார்ப்போம் என்கிற வேடிக்கைதான் இருந்தது.

"நன்றிங்க ஐயா," என்றேன்.

அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருப்பது இது: மழை இல்லை. வருகை 61. விருந்தினர் மனநிறைவு. கேசரியில் சர்க்கரை அதிகம்.

தங்கராஜு பினாங்கிலிருந்து கப்பல் ஏறினான். ஒரு வருஷம் கழித்துச் சான்றிதழோடும் மீசையோடும் திரும்பினான். மெர்டேக்கா முடிந்து கொடிகள்கூட இறங்கியிருக்கவில்லை. பயிற்சி இல்லாத ஆசிரியர்களுக்கு அவன் வார வகுப்பு எடுத்தான். முதல் வரிசையில் நான். முதல் பாடம், பொருள் தெரியாமல் ஒப்பிப்பது கல்வி ஆகாது என்பது. "நானே ஒரு எடத்துல கண்ணால பார்த்திருக்கேன்," என்றான். என் பக்கம் திரும்பவில்லை. நான் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். வெளியே வந்ததும், "கோவமா லா?" என்று கேட்டான். இல்லை, குறிப்புகள் தெளிவாக இருந்தன என்றேன். தெளிவாகத்தான் இருந்தன.

தலைமையாசிரியரிடம் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஐயா தெய்வானைக்குக் கடிதம் எழுதினார். அவள் பெயரில் பதில் எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது. எழுத்தைக் கொஞ்சம் கோணலாக்கி எழுதினேன். உன் கையெழுத்து உன் ஆசிரியரின் கையெழுத்தைப் போலவே இருக்கிறது, இதல்லவா குருபக்தி என்று ஐயா மகிழ்ந்தார். அடுத்த கடிதத்தில், அவளை அங்கே படிக்க அனுப்பச் சொன்னார். விடுதிச் செலவைத் தானே ஏற்பதாகவும் எழுதினார். வேறு வழி தெரியாமல் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதென்று எழுதினேன். அப்போது தெய்வானை பக்கத்துக் குடியிருப்பில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஐயா வாழ்த்தி இரண்டு வரி எழுதினார். அதற்கப்புறம் அந்த ஊரிலிருந்து கடிதம் வரவில்லை.

பிள்ளைகள் குறைந்தார்கள். வீடுகள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போயின. தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவர் மாற்றல் வாங்கினார். தங்கராஜு வேறு ஊரில் பெரிய பள்ளிக்குத் தலைமையாசிரியரானான். எனக்கும் இரண்டு முறை வேறு பள்ளியில் இடம் வந்தது. இரண்டு முறையும் மேலிடத்தில், ஐயா அன்றைக்கு என்னைப் பாராட்டி எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கடிதத்தை எடுத்துப் பார்த்து, இவரை எடுத்தால் அந்தப் பள்ளி என்னாவது என்று நிறுத்திவிட்டார்கள்.

கடைசி நாள் வருகை ஒன்பது. பெஞ்சுகளை ஒரு லாரி ஏற்றிக்கொண்டு போனது. இப்போது அந்த இடத்தில் டயர் கடை இருக்கிறது. கதவைப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துக் கையெழுத்திட்டது நான்தான். தலைமையாசிரியர் எங்கே என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டார். இல்லை என்றேன். மற்ற ஆசிரியர்கள்? அதற்கும் இல்லை என்றேன்.